செவ்வாய்க்கிழமைச் சலுகை

"இந்தச் செவ்வாய் பாத்துருவோம்மா. கூட்டம் வந்தா நடத்துவோம். வரலைன்னா கடைய விட்டுருவோம்."

போன வாரம் போலந்திலிருந்து டேனியல் போனில் சொன்ன வார்த்தைகள் இவை. "சரிப்பா" என்று மட்டும் சொல்லி வேதநாயகி மாவு பிசையப் போனாள். இன்று அந்தச் செவ்வாய்.

புனேயை ஒட்டிய கசார்வாடியில், பழைய மும்பை நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பும் சந்து ஒன்றில் இருக்கிறது 'டேனிஸ் பீட்சா'. இரு பக்கமும் லேத் பட்டறைகள். இந்தக் கடையும் ஒரு காலத்தில் பட்டறைதான். வேதநாயகியின் கணவர் சின்னதுரை இங்கேதான் கடைசல் வேலை செய்தார். அவர் போனபின், ஓட்டல் படிப்பு முடித்த மகன் டேனியல் லேத்தை விற்றுவிட்டு அதே இடத்தில் கல் அடுப்பை வைத்தான். லேத்தைத் தரையோடு பிணைத்திருந்த போல்ட்டுத் துளைகள் அடுப்பின் காலடியில் இன்னும் தெரியும். எவ்வளவு பெருக்கினாலும் அவற்றில் மைதா போய் உட்கார்ந்துகொள்ளும்.

கடை ஒரு மாதிரி நடந்துகொண்டிருந்தபோது டேனியலுக்குப் போலந்தில் ஓர் ஓட்டல் சமையலறையில் வேலை வந்தது. "கொஞ்ச நாள் பாத்துக்கோங்கம்மா" என்று போனான். நாசரேத்திலிருந்து கல்யாணமாகிப் புனேவுக்கு வந்தவள், சபைக் கூட்டங்களில் மீன்குழம்புக்குப் பேர் போனவள், பீட்சா கடைக்காரியானது இப்படித்தான்.

அவளுக்கு வேலை கைவந்தது. ஆட்கள்தான் வரவில்லை.

காலையில் கடையின் ஷட்டரைத் தூக்கியவுடன் அவள் முதலில் குளிர்பெட்டியைத் திறந்தாள். தட்டுத் தட்டாக மாவு உருண்டைகள் ஈரத்துணிக்கு அடியில் உப்பிக் கிடந்தன. வழக்கமான நாளுக்குப் பிசைவதைப்போலப் பல மடங்கு. இன்று போகாவிட்டால் நாளை புளித்துவிடும்.

கடைவாசலில் டேனியல் அங்கிருந்தே வடிவமைத்து அனுப்பிய ஃப்ளெக்ஸ் தொங்கியது. மராத்தியிலும் ஆங்கிலத்திலும் 'செவ்வாய் மட்டும்! ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று இருந்தது. இதையே துண்டு நோட்டீஸாக அடித்து ஞாயிறு பேப்பருக்குள் வைத்திருந்தார்கள். ஷேர் ஆட்டோக்களின் முதுகில் ஸ்டிக்கர். வேதநாயகி பக்கத்துக் கட்டடங்களில் மாடி ஏறி இறங்கிக் கொடுத்தாள். தமிழ் ஆராதனை முடிந்து போதகர்கூட ஒரு வார்த்தை சொன்னார். சபையார் தலையாட்டினார்கள். அவர்கள் வீடு எல்லாம் கட்கியிலும் தாபோடியிலும். வேலைநாளில் யார் வருவார்கள்?

மகள் கீர்த்தி வந்து இறங்கியபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. ஹிஞ்சேவாடியில் மென்பொருள் கம்பெனி ஒன்றில் வேலை. அங்கேயே மூன்று பெண்களோடு ஃபிளாட்டில் இருக்கிறாள். இன்று லீவு போட்டிருந்தாள். கையில் பலூன் பொட்டலம், கரும்பலகை, சாக்பீஸ்.

"ஏட்டி, சாப்பிட்டியா?"

"கேப்ல பிஸ்கட் சாப்ட்டேம்மா. ஊர்க்கோடி வாகோலியிலேர்ந்து வர்ற மாதிரி டிராஃபிக். எல்லாம் ரெடியா?"

"மாவு ரெடி."

"அண்ணன் கூப்ட்டானா?"

"எந்திரிச்சதும் கூப்ட்டான். தக்காளிச் சாற காட்டச் சொன்னான். காட்டுனேன்."

சொல்லும்போது அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனதைக் கீர்த்தி கவனித்தாள். அதை விளம்பரத்தின் மீதான நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டாள்.

பலூன்களை ஊதிக் கட்டினாள். கரும்பலகையில் பெரிதாக எழுதி நடைபாதையில் வைத்தாள். போகிறவர்கள் படித்தார்கள். சிரித்தார்கள். போனார்கள். பெண்கள் பலர் குளித்து, நல்ல சேலை கட்டி, சிவப்புச் செம்பருத்தியும் அருகம்புல்லும் கையில் ஏந்திச் சந்தின் கோடிக்கு நடந்தார்கள். அங்கே கணபதி கோயிலில் வரிசை தெரு திரும்பி நின்றது. எதிர்ச்சாரி டீக்கடையிலும் கூட்டம். கடைக்காரன் ஒரு சிலேட்டில் ஒற்றைச் சொல் எழுதி மாட்டியிருந்தான். அவ்வளவுதான் அவனுடைய விளம்பரம். ஜவ்வரிசி உப்புமா தட்டுத் தட்டாகப் போய்க்கொண்டிருந்தது.

மத்தியானம் முதல் ஆள் உள்ளே வந்தார். பக்கத்துப் பட்டறைக்காரர். கீர்த்தி மெனுவை நீட்டினாள்.

"உபவாசத்துக்கு ஏதாவது இருக்கா?" என்று இந்தியில் கேட்டார். "உருளைக்கிழங்கு வறுவல், அந்த மாதிரி?"

"பீட்சா இருக்கு."

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "பீட்சா இருக்கறது தெரியும்மா. போர்டு வச்சிருக்கீங்களே," என்று சொல்லிவிட்டு, 'உபவாசம்' என்று சிலேட் தொங்கிய எதிர்ச்சாரி டீக்கடைக்குப் போனார்.

அவர் பின்னாலேயே வந்தாள் மந்தா தாயி. மேல்மாடிக்காரி; தாயி என்றால் மராத்தியில் அக்கா. சின்னதுரை இருந்த காலத்திலிருந்தே பழக்கம். நெற்றியில் குங்குமம், கையில் பூத்தட்டு. பலூன்களையும் காலி மேஜைகளையும் பார்த்து மோவாயில் கை வைத்தாள்.

"என்ன பொண்ணே இது? இன்னிக்குப் போய்!" மராத்தியில் பொழிந்தாள். "இன்னிக்கு அங்காரகி. செவ்வாயில வர்ற சதுர்த்தி. எப்பவாவது ஒரு தடவதான் வரும். இந்தச் சந்துல பல் போன கிழவன்கூட நிலா பாக்காம வாயில போட மாட்டான். உன் சீஸை யார் தின்பா?"

கீர்த்தி வெளியே கோயில் வரிசையைப் பார்த்தாள். பிறந்து வளர்ந்தது இந்தச் சந்தில்தான். இந்தச் செம்பருத்திகளையும் வரிசையையும் சின்ன வயது முழுக்கப் பார்த்திருக்கிறாள். ஆனால் ஹிஞ்சேவாடியில் செவ்வாய் என்றால் காலை மீட்டிங் மட்டுமே. வானத்தில் சந்திரன் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"எங்க யாருக்கும் தெரியலையே, தாயி."

"தெரியலையா? மூணு வாரம் முன்னாடி வஹினி நோட்டீஸ் கொடுக்க வந்தப்பவே சொன்னேனே! வேற நாள் வையுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்." மந்தா தாயி, அண்ணி முறை வைத்து 'வஹினி' என்று தான் கூப்பிடும் வேதநாயகியைப் பார்த்தாள். "சொன்னேனா இல்லையா, வஹினி?"

வேதநாயகி தட்டுகளின் மேல் ஈரத்துணியை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். துணி ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

மந்தா தாயி கோயிலுக்குப் போனாள். பக்கத்துப் பட்டறையில் இரும்பு அறுபடும் சத்தம் கேட்டது.

"அம்மா. தெரிஞ்சுமா அண்ணன்கிட்ட சொல்லல?"

"ம்."

"ஏம்மா? இது லாஸ்ட் சான்ஸ்னு சொன்னான்ல. வேற டேட் வச்சிருக்கலாம். சிம்பிள் மேட்டர்."

"வேற நாள்னு சொன்னா, 'சரிம்மா, அப்புறம் பாப்போம்'பான். அவன் அப்புறம்னு சொன்னா அது எந்த வருசம்னு ஒனக்குத் தெரியாதா?"

"அதுக்காக?"

வேதநாயகி முக்காலியில் உட்கார்ந்தாள். பேச்சு தானாக வந்தது.

"இந்தச் சலுகைன்னு ஆரம்பிச்சதுலருந்து மூணு வாரமா தெனமும் கூப்பிடுதான்டீ. முன்னெல்லாம் ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சு வந்ததும் போனக் கையிலயே வச்சிருப்பேன். 'பிஸிம்மா'ன்னு ஒரு வரி வரும். இப்ப அப்படியில்ல. மாவக் காட்டுங்க, துணியத் தூக்குங்க, அடுப்புக்குள்ள காட்டுங்கங்கான். அடுப்பக் காட்டும்போது என் கையும் தெரியும்லா? 'என்னம்மா மணிக்கட்டுல சூடு'ன்னு கேட்டான். அந்தச் சூடு பட்டு ரெண்டு மாசம் ஆச்சு."

கீர்த்தி அம்மாவின் மணிக்கட்டைப் பார்த்தாள். இலந்தைப்பழ அளவில் ஒரு கருந்தழும்பு. ஹிஞ்சேவாடி போலந்து இல்லை. ஒரு கேப் தூரம். அவளும் இன்றுதான் பார்க்கிறாள்.

ஃபிளாட்டில் தன் குளிர்பெட்டியில் கிடக்கும் அட்டைப்பெட்டி அவளுக்கு நினைவு வந்தது. தனியாகச் சாப்பிட்டு மீந்த ஏதோ ஒரு கம்பெனியின் பீட்சா. அம்மா கடை டெலிவரி எல்லைக்குள் வராது என்று ஆப் சொன்னதும் அவள் மேலே தேடவில்லை.

மத்தியானத்துக்குப்பின் தூறல் பிடித்தது. பலூன்கள் ஈரத்தில் கனத்துத் தொங்கின.

கீர்த்தி தன் பங்குக்கு ஏற்பாடு செய்திருந்த ஷ்ரேயஸ் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டான். பிம்பிளே குரவ் பையன். கடை கடையாகப் போய்ச் சாப்பிட்டு வீடியோ போடுகிறவன். அவன் சீஸை இழுக்கும் நீளத்தைப் பார்த்துப் பின்தொடர்கிற கூட்டம் பெரிது. கேமராவைப் பொருத்திவிட்டு, வெந்த பீட்சா மேஜைக்கு வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"தீதி, ஒரு பிரச்சினை. எனக்கும் இன்னிக்கு உபவாசம்."

"நேத்து மெசேஜ்ல சொல்லலையே!"

"நேத்து எனக்கே ஞாபகம் இல்ல. காலையில டீயோட பிஸ்கட்ட எடுத்தேன், அம்மா தட்டிவிட்டாங்க." அவன் நெளிந்தான். "என் வீடியோக்கு முதல் லைக் எங்கம்மாதான் போடுவாங்க. அங்காரகியில நான் சீஸ் இழுக்கறதைப் பாத்தா வீட்டுக்குள்ள விடமாட்டாங்க."

கீர்த்திக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். நான்கு காலி மேஜை. அடுப்படியில் ஒரு அம்மாள்.

"ஆன்ட்டி, நீங்க சாப்பிடுங்க. நான் எடுக்கறேன்."

"நானா?" வேதநாயகி ஏப்ரனில் கையைத் துடைத்தாள். கருகிய ஓரங்களையும் வடிவம் தப்பியவற்றையும் நின்றபடியே தின்றிருக்கிறாள். தன் கடையின் மேஜையில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

ஜன்னலோர மேஜையில் உட்கார வைத்தார்கள். நாற்காலியின் நுனியில், கேட்டதும் எழுந்துவிடத் தயாராக, உட்கார்ந்தாள்.

"எங்கிட்டுப் பாக்கணும்னு கேளு," என்று கீர்த்தியிடம் தமிழில் சொன்னாள்.

"கேமராவ மறந்துடுங்க ஆன்ட்டி," என்றான் ஷ்ரேயஸ் இந்தியில். "யார்கூட சாப்பிடப் பிடிக்குமோ, அவங்க எதிர்ல இருக்கிற மாதிரி நெனச்சுக்குங்க."

வேதநாயகி எதிர் நாற்காலியைப் பார்த்தாள். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கண்களை மூடித் தலை குனிந்து ஜெபித்தாள். ஒரு துண்டை எடுத்து, சீஸ் நூலாக நீள்வதைக் கூச்சத்தோடு விரலால் அறுத்து, வாயில் வைத்தாள். வழக்கமாக வீடியோ முழுக்க வளவளவென்று பேசுகிற ஷ்ரேயஸ் கேமராவை மட்டும் கொஞ்சம் அருகே நகர்த்தினான். ஜன்னலில் தூறல் வழிந்தது.

"எப்படி இருக்கு ஆன்ட்டி?" கடைசியில் கேட்டான்.

அவள் மென்று முடித்தாள். யோசித்தாள். "டீக் ஹை," என்றாள். "நமக் தோடா கம்."

"அம்மா!" என்றாள் கீர்த்தி. "உப்பு கம்மின்னு நாமளே சொன்னா எப்படி?"

"கம்மியாத்தானட்டீ இருக்கு."

ஷ்ரேயஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "இதை வெட்ட மாட்டேன்," என்றான். காசும் வாங்காமல், தண்ணீர்கூடக் குடிக்காமல், வண்டியைக் கிளப்பிப் போனான்.

டேனியலின் அழைப்பு அவன் மதிய இடைவேளையில் வரும். இங்கே அப்போது சாயங்காலம். வேதநாயகி அடுப்படியை ஒதுங்க வைத்துக்கொண்டே, "நீ எடு," என்றாள்.

வெள்ளைத் தொப்பியோடு டேனியலின் முகம் வந்தது. பின்னால் பாத்திரங்கள் மோதும் ஒலி.

"கீர்த்தி? என்ன நீ எடுக்க? கடை எப்படி?"

சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். அம்மாவின் முதுகைப் பார்த்தாள்.

"மழைண்ணா. கூட்டம் இல்ல."

"ம். சரி விடு." மிகச் சுலபமாகச் சொன்னான். "ட்ரை பண்ணியாச்சுல்ல. நாம ஒண்ணும் செய்யலைன்னு இல்ல. ஹவுஸ் ஓனருக்கு நான் போன் பண்ணிடுதேன். மொபைல் ரிப்பேர்க்காரன் ஒருத்தன் கேட்டுட்டே இருக்கான். அம்மா ஒன்கூட வந்து இருக்கட்டும். நின்னு நின்னு அவங்க காலப் பாத்தியா?"

"எங்க ஃபிளாட்லயா? பதினாலாவது மாடி. பகல் பூரா யாரும் இருக்க மாட்டோம்."

"பாத்துக்கலாம். அம்மாட்ட குடு."

"கை மாவா இருக்கு."

"அப்ப வேல முடிஞ்சு கூப்பிடுதேன்." முகம் மறைந்தது.

கீர்த்தி இருண்ட திரையைப் பார்த்தபடி நின்றாள். மாவின் மேலிருக்கும் துணியைத் தூக்கிக் காட்டச் சொன்னவன். சாற்றின் நிறத்தைக் கேட்டவன். ஒருவராவது வந்தாரா என்று கேட்கவில்லை. ஏன் வரவில்லை என்றும் கேட்கவில்லை.

பொழுது சாய்ந்தபோது மந்தா தாயி மறுபடி வந்தாள். மூடிய பாத்திரத்தில் மோதகங்கள். வெல்லமும் தேங்காயும் நெய்யும் கலந்த மணம் கடையில் நிறைந்தது.

"நாங்க நிலா வந்தப்புறம்தான். நீங்க இப்பவே சாப்பிடலாம்," என்றாள். "சிரிக்காதீங்க, டேனியலுக்கும் ரெண்டு வச்சிருக்கேன். சின்ன வயசுல அங்காரகின்னா நிலாவ முதல்ல கண்டுபிடிக்கிறவன் அவன்தானே. எங்க மொட்டைமாடிய விட்டு எறங்கவே மாட்டான். போன மாசம்கூட எங்க பையன் சுஹாஸுக்கு போன் பண்ணி, அங்காரகி எந்தத் தேதின்னு கேட்டானாம். அங்க மோதகம் கெடைக்காதாம். என் பங்க எடுத்து வைங்கன்னானாம், திருட்டுப் பய."

அவள் வாசல்வரை போய்த் திரும்பினாள். "வஹினி, நிலா வந்ததும் பேரப் பிள்ளைங்களுக்கு ரெண்டு பீட்சா போட்டுடு. மோதகத்துக்கு முன்னாடி அதுதான் வேணுமாம். ஒண்ணுக்கு ஒண்ணு உண்டுல்ல?"

"உண்டு, உண்டு," என்றாள் வேதநாயகி.

மந்தா தாயியின் காலடியோசை படியேறி மறையும்வரை கீர்த்தி காத்திருந்தாள்.

"போன மாசமே கேட்டிருக்கான். தெரிஞ்சே இந்த நாள வச்சிருக்கான்."

"கத்தாத. மேல கேக்கும்."

"உங்களுக்கு இதுவும் தெரியுமா?"

"அன்னைக்கு நோட்டீஸ் கொடுக்கப் போனப்ப மந்தா இதயுந்தான் சொன்னா." வேதநாயகி மோதகம் ஒன்றை எடுத்து மகளின் கையில் வைத்தாள். "கடைய மூடுங்கம்மான்னு சொல்ல அவனுக்கு வாய் வரல. சின்னப் பிள்ளையில கண்ணாடித் தம்ளர ஒடச்சாலும் சொல்லமாட்டான். நம்ம கண்ணுல படுத எடத்துல துண்டப் பொறுக்கி வச்சிட்டு வெளையாடப் போயிருவான். நாமளே பாத்துத் தெரிஞ்சிக்கிடணும்."

"நீங்க மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பான்லா. இந்த மூணு வாரம் எனக்குக் கெடைச்சிருக்குமா?"

கீர்த்திக்கு மோதகத்தைக் கடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. தூறல் நின்றிருந்தது. எதிர்ச்சாரியில் டீக்கடைக்காரன் சிலேட்டை எடுத்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய நாள் முடிந்துவிட்டது.

அவளுடைய போன் முனகியது. ஷ்ரேயஸ் வீடியோவை ஏற்றியிருந்தான். ஜன்னலோரம் அம்மா. எதிரே காலி நாற்காலி. மூடிய கண்கள். கீழே அவன் ஒன்றும் எழுதவில்லை, கடையின் பெயரைத் தவிர. கடையின் இணையக் கணக்குக்கும் வீடியோ போயிருந்தது. அந்தக் கணக்கு இருப்பது டேனியலின் கையில்.

அவள் நிமிர்வதற்குள் மேஜைமேல் கிடந்த அம்மாவின் போன் அடிக்கத் தொடங்கியது. அவன் வேலை முடிய இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

திரையில் 'டேனி' என்ற பெயர். மூன்று வாரமாக முதல் மணி முடியும் முன்பே, மாவுக் கையோடுகூட எடுத்துவிடுகிற அழைப்பு. கீர்த்தி கையை நீட்டினாள்.

"எடுக்காத," என்றாள் வேதநாயகி.

"பாத்துட்டான் போலம்மா. அதான் கூப்பிடறான்."

"பாத்திருப்பான். எடுத்தா ஒண்ணு அழுவான், இல்ல கடைய மூடுங்கன்னு சொல்லிருவான். மந்தாவுக்குப் பீட்சா போடணும்."

அவள் அடுப்பின் சூட்டைக் கூட்டினாள். தட்டிலிருந்து உருண்டைகளை எடுத்து, பலகையில் ரவை தூவி, விரல் நுனிகளால் நடுவிலிருந்து விளிம்புக்குத் தள்ளத் தொடங்கினாள். கொஞ்சம் நிதானித்து, சாற்றில் உப்பு ஒரு சிட்டிகை கூடப் போட்டாள். போன் அதிர்ந்து அதிர்ந்து, சிந்திய மாவில் ஒரு தடம் போட்டுக்கொண்டே மேஜை விளிம்புக்கு நகர்ந்தது. நின்றது. உடனே மறுபடி தொடங்கியது.

வெளியே மொட்டைமாடிகளில் ஆட்கள் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். பெண்கள், குழந்தைகள், பட்டறைக்காரர்கள், எல்லோர் முகமும் கிழக்கே. மேகம் மூடித்தான் இருந்தது.

"அம்மா, அவனுக்கு என்ன சொல்ல?"

வேதநாயகி திரும்பவில்லை.

"அடிக்கட்டும்," என்றாள். "நிலா வரட்டும்."